ராப் பாட குரலைத் தயார் பண்றது எப்படி? தாள்ல தொடங்கி மைக் வரைக்கும்

[திரையில்: பாட்டு எழுதின தாள், பென்சில். மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) 90-ல ஓடுது.]

ராப் பாடும்போது குரல் கட்டிக்கிட்டா வேகத்து மேல பழியைப் போடுறோம். பெரும்பாலும் வேகம் காரணமே இல்லை. மூச்சு தீர்ந்த பிறகும் வரியை முடிச்சே ஆகணும்னு கழுத்தை இறுக்கித் தள்ளுறோம் பாருங்க, அங்கதான் குரல் நாண் அடி வாங்குது. அதனால தொண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி தாளை எடுங்க.

90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தாள அடி) பீட்ல ஒரு அடி 0.67 விநாடி. 4 அடி சேர்ந்தா ஒரு பார், 2.67 விநாடி. 16 பார் வெர்ஸ் (ராப் சொல்ற பகுதி) கிட்டத்தட்ட 43 விநாடி. அடிக்கு 4 அசை வச்சா பாருக்கு 16 அசை. (யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசை இல்லை இது. ஒரு உயிரொலி வந்தா ஒண்ணுன்னு எண்ணுங்க, போதும்.)

[திரையில் வரி, அடிக்கு அடி கோடு போட்டு:]
பட்டறையில் | பட்ட வடு | பாட்டெழுதும் | போது சுடும்

எண்ணிப் பாருங்க, சரியா 16. காதுக்கு நல்லா இருக்கு, ஆனா மூச்சு விட இடமே இல்லை. இதே மாதிரி நாலு பார் அடுக்கினா மூணாவதுலயே சுருதி இறங்கும், வரிக்கடைசி சொல் விழுந்துடும். அடுத்த வரியை இப்படி எழுதுங்க:

விட்ட இடம் | தொட்டு வரும் | வெள்ளமடா | /

கடைசி அடி காலி. அந்த 0.67 விநாடி மூச்சுக்குப் போதும். வாயால எடுங்க, மூக்கால எடுக்க அவ்வளவு நேரம் கிடைக்காது. தோள் தூக்கக் கூடாது, விலா பக்கவாட்டுல விரியணும். இந்த சாய்கோட்டை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல போட்டுப் பழகுங்க. இடத்தை மாத்திக்கிட்டே இருந்தா மேடையில பதற்றத்துல அது மறந்துபோகும்.

[திரையில்: பாதி நிரம்பின டம்ளர், ஸ்ட்ரா]

இப்போ குரல். மொத்தம் 20 நிமிடம். கழுத்து, தாடை தளர்த்த 2 நிமிடம் போதும். அடுத்து ஸ்ட்ராவைத் தண்ணிக்குள்ள 2, 3 செ.மீ. விட்டு, அதுக்குள்ளயே 'ஊ'ன்னு ஒலிச்சுக் குமிழி விடுங்க. கீழ் சுருதியில தொடங்கி மேல வழுக்கிப் போய்த் திரும்பி வாங்க. 4 நிமிடம், இடையில நிறுத்தி நிறுத்தி. தண்ணி திருப்பித் தர்ற அழுத்தத்தால குரல் நாண்கள் ஒண்ணோட ஒண்ணு மெதுவா மோதும், அடிபடாமலே சூடேறும். மேல போகும்போது குமிழி நின்னா, காத்தைப் பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். சத்தத்தைக் குறைங்க, மறுபடி வரும்.

பிறகு நாக்கு. இதுக்கு நம்ம கொன்னக்கோலை (தாளச் சொல்லை வாயால சொல்ற கர்நாடக இசைக் கலை) விடப் பொருத்தமான பயிற்சி தேட வேண்டியதில்லை. அடிக்கு ஒரு தகதிமி, 60-ல தொடங்கி 5, 5-ஆ ஏத்துங்க. 90-ல இது விநாடிக்கு 6 அசை, அதாவது மேல பார்த்த வரியோட அதே வேகம். பாட்டு வேகத்தைவிட 10 அதிகம் வரைக்கும் போங்க. நாக்கு தடுக்கினா 10 இறங்கி மறுபடி ஏறுங்க. டிரிப்ளெட் ஃப்ளோ (அடிக்கு மூணு அசையா ஓடுற நடை) வேணும்னா அடிக்கு ஒரு தகிட. தகதிமி ஒரு பார், தகிட ஒரு பார்னு மாத்தி மாத்திச் சொன்னா, ஃப்ளோ மாறுற இடத்துல வர்ற தடுமாற்றம் போகும். பல்லுக்கு நடுவுல கார்க் கடிச்சுக்கிட்டுப் பேசற பயிற்சியை நாங்க சொல்ல மாட்டோம், தாடைதான் இறுகும்.

அடுத்தது வெர்ஸை மெய்யெழுத்து இல்லாம, உயிரொலியை மட்டும் வச்சுச் சொல்றது. 'பட்டறையில்' இப்போ 'அ-அ-ஐ-இ'. கேக்க வேடிக்கையா இருக்கும். ஆனா 'ட்ட', 'ப்ப' மாதிரி இரட்டை வல்லினம் ஒவ்வொண்ணும் காத்தை ஒரு கணம் அடைச்சுத் திறக்குது. அந்த அடைப்போட சேர்த்துத் தொண்டையையும் மூடுற பழக்கம் பலருக்கு இருக்கு. உயிரொலியை மட்டும் இழுத்துச் சொல்லும்போது அது உடனே தெரியும்.

ஹூக் (திரும்பத் திரும்ப வர்ற, மெட்டோட பாடுற பகுதி) பாடுறவங்களுக்கு ஒண்ணு. ராப் பேச்சுச் சுருதியில நிக்கும், ஹூக் அதைவிட மேல ஏறும். வெர்ஸ் முடிஞ்ச கையோட தாவினா குரல் கீச்சிடும். ஹூக் மெட்டை முதல்ல 'நூ'ன்னு மட்டும் பாடுங்க, அப்புறம் சொல்லைப் போடுங்க.

ஆவேசம் சத்தத்துல இல்லை, மெய்யெழுத்தோட கூர்மையில இருக்கு. 'ஏய்', 'அடி'ன்னு உயிரெழுத்துல தொடங்குற சொல்லைத் தொண்டையால வெட்டித் தொடங்காதீங்க. முன்னாடி காதுல விழாத ஒரு 'ஹ' வச்சுக்கங்க.

[திரையில்: மைக் தலையை முழுசா மூடின கை. சிவப்புக் கோடு.]

இந்தப் பிடி போட்டோவுக்கு அழகு, குரலுக்குக் கேடு. வலைக்குப் பின்னாடி இருக்கிற திறப்பை அடைச்சா மைக் எல்லாப் பக்கமும் கேக்க ஆரம்பிக்கும், ஊளையிடும். சவுண்ட் என்ஜினியர் அளவைக் குறைப்பார். உங்க குரல் உங்களுக்கே கேக்காது, கத்துவீங்க. கைப்பிடியைப் பிடிங்க. மேடை மைக் வாய்க்கு 2 முதல் 5 செ.மீ.; ஸ்டுடியோவுல பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னாடி வைக்கிற காத்துத் தடுப்பு வலை) வச்சு 10 முதல் 15 செ.மீ. அப்பவும் 'ப' வெடிச்சா, மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல திருப்புங்க.

தண்ணி, மேடைக்கு ஏறும்போது குடிச்சா வாய்தான் ஈரமாகும். குடிக்கிறது உணவுக்குழாய்ல போகுது, குரல் நாண் இருக்கிறது மூச்சுவழியில. அதனால காலையிலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. பனங்கற்கண்டும் மிளகும் இதமா இருக்கும், ஆனா அதுவும் குரல் நாணைத் தொடாது. நேரா அங்க போறது ஆவி மட்டும்தான். ராத்திரி பிரியாணி சாப்பிட்டு உடனே படுத்தா அமிலம் மேலேறிக் காலையில குரல் கரகரக்கும். 3 மணி நேரம் இடைவெளி விடுங்க. வலிக்குதுன்னு ஆஸ்பிரின் போட்டுக்கிட்டு மேடையேறாதீங்க. வலி மறையும், அதனால இன்னும் தள்ளுவீங்க. ரத்தம் உறையறதும் தாமதமாகும், குரல் நாண்ல கசிவு வந்தா பெருசாகும்.

நிகழ்ச்சி முடிஞ்சதும் 5 நிமிடம் அதே ஸ்ட்ரா, இந்தத் தடவை மேலிருந்து கீழ. தொண்டையைச் செருமாதீங்க, ஒரு மடக்கு தண்ணி விழுங்குங்க. கரகரப்பு இருந்தா கிசுகிசுன்னு பேசறதும் ஓய்வு இல்லை, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். பேசாம இருங்க. 3 வாரம் தாண்டியும் குரல் திரும்பலைன்னா காது மூக்கு தொண்டை மருத்துவர்கிட்ட போய்க் குரல் நாணைக் கேமராவுல பார்க்கச் சொல்லுங்க.