தலையிலிருந்து முளைக்கும் கால்கள்

அனைவருக்கும் வணக்கம். குழந்தை மருத்துவராக என்னிடம் பெற்றோர்கள் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று: "டாக்டர், அதே வயசுப் பிள்ளைகள் செய்வதை என் பிள்ளை இன்னும் செய்யவில்லையே?"

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்குவது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். ஒன்பது மாதத்துக்கும் மேல் இடைவெளி! எட்டில் நடந்ததும் நல்ல பிள்ளைதான், பதினேழில் நடந்ததும் நல்ல பிள்ளைதான். மூன்று வயதுக்குப் பிறகும் இப்படித்தான்.

இப்போது ஒரு தாளையும் கிரேயானையும் மூன்று வயதுக் குழந்தையிடம் கொடுங்கள். நீங்கள் வட்டம் போட்டுக் காட்டினால் தானும் போட்டுப் பார்க்கும். சாதாரண விஷயமா அது? புறப்பட்ட இடத்துக்கே கை திரும்பி வர வேண்டும். கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும், சரியான இடத்தில் நிற்கவும் வேண்டும். கொஞ்ச நாளில் அந்த வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வரும், அவை கண்கள். வட்டத்துக்குக் கீழே நேராக இரண்டு கோடு, அவை கால்கள். வயிறு கிடையாது. கைகள் காது இருக்க வேண்டிய இடத்திலிருந்து நீளும். "இது அம்மா" என்று நீட்டும். "உடம்பு எங்கேடா?" என்று கேட்டு, கையைப் பிடித்துத் திருத்தாதீர்கள். நான்கு வயதில் மூன்று உறுப்பாவது போட்டு ஆளை வரைந்தால் போதும். வயிறு தானாக வரும்.

கூட்டல் குறியைப் பார்த்துப் போட நான்கு வயது ஆகும். சதுரம் அதற்கும் பிறகு. சாய்ந்த கோடு எல்லாவற்றிலும் கடினம் என்பதால் முக்கோணத்துக்கு ஏறக்குறைய ஐந்து வயது ஆகிவிடும். இந்தக் கையில் மூன்று வயதிலேயே பென்சிலைத் திணித்து 'அ' எழுதச் சொல்கிறோம். சுழியும் வளைவும் நேர்கோடும் சேர்ந்த எழுத்து அது. குழந்தை அழுவது சோம்பலால் இல்லை.

எண்ணுவதும் அப்படித்தான். பத்து வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், "மூன்று கரண்டி எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். கை கொள்ளும் அளவுக்கு அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது வேறு, மூன்று என்றால் எத்தனை என்று புரிவது வேறு.

அதற்காக எல்லாவற்றுக்கும் காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. பேச்சு விஷயத்தில் காத்திருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மூன்று வயதுப் பிள்ளை பேசுவதில் பெரும்பகுதி வெளியாளுக்கும் புரிய வேண்டும். என்னிடம் வந்த மூன்றரை வயதுப் பையன் ஒருவன், கூப்பிட்டால் சில நாள் திரும்புவான், சில நாள் திரும்பமாட்டான். "பிடிவாதம்" என்றார்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்றார்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டியிருந்தது. நீர் கூடும்போது காது மந்தமாகும், வடியும்போது கேட்கும். பாவம், அந்தக் காதுக்காக எத்தனை திட்டு வாங்கியிருப்பான்! பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

இன்னொன்று. பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தாலோ, செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டாலோ, எந்த வயதானாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்யும் என்ற தன் பட்டியலை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்தியபோது, நான்கில் மூன்று பிள்ளைகளாவது எட்டியிருக்கும் வயதையே கணக்காக வைத்தது. சராசரியை வைத்தால் பாதிப் பேர் பின்தங்கியவர்களாகத் தெரிவார்கள், "பொறுத்துப் பார்ப்போம்" என்றே நாள் போய்விடும். இப்போது ஒரு வரி தவறினாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

வரும்போது வீட்டில் பிள்ளை விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் எடுத்து வாருங்கள். எங்கள் அறையில் பல பிள்ளைகள் வாயே திறக்காது. அது வரைந்த தாள்களையும் தேதி போட்டுக் கொண்டுவாருங்கள்.