2008 ஷாம்பெயினும் ஒரு முழுக் கோழியும்

வணக்கம் மக்களே! பிரான்ஸ்ல ரெய்ம்ஸ் ஊர்ல இருக்கேன். எழுத்துலதான் ரெய்ம்ஸ், இங்க வந்து அப்படிச் சொன்னா யாருக்கும் புரியாது, 'ரான்ஸ்'ங்கறாங்க. குடி உடல்நலத்துக்குக் கேடு, அந்த வரியையும் சொல்லிட்டேன், வாங்க.

இதோ ஷாம்பெயின் பாட்டில், இந்தப் பகுதியில செய்யற குமிழி விடற ஒயின். லேபிள்ல 2008னு இருக்கா? அப்படி வருஷம் போட்டா அந்த ஒரே வருஷத்துத் திராட்சைதான் உள்ள இருக்கணும். நிலவறையில குறைஞ்சது மூணு வருஷம் கிடக்கணும். வருஷம் போடாத சாதா ஷாம்பெயினுக்கு 15 மாசம் போதும். 2008ல கோடை முழுக்கக் குளிர், மப்பு. செப்டம்பர்லதான் நல்ல வெயில் வந்துச்சு. அந்தக் குளிரால புளிப்பு தூக்கலா நின்னுச்சு, அந்தப் புளிப்புதான் இத்தனை வருஷம் இதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு.

கார்க் மேல கட்டியிருக்கற கம்பியை ஆறு அரைச் சுத்து சுத்தணும். கார்க்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு பாட்டிலைத் திருப்புங்க, கார்க்கை இல்ல. டமார்னு வெடிக்கறதெல்லாம் கல்யாண வீடியோவுக்கு. கேட்டீங்களா? 'உஸ்'... அவ்வளவுதான். கார்க்கைக் கிட்ட காட்டறேன். புது பாட்டில்னா அடிப்பக்கம் பாவாடை மாதிரி விரியும். இது ஆப்பு மாதிரி நேரா நிக்குது பாருங்க. வயசாக வயசாக கார்க் சுருங்கிடும்.

குமிழி கம்மியா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. ரொம்பச் சில்லுனும் ஆக்கிடாதீங்க. போன வருஷம் இதே மாதிரி ஒரு பழைய பாட்டிலை ஐஸ் வாளியில ஒரு மணி நேரம் முக்கி வெச்சுட்டேன். வாசனையே இல்ல, சில்லுனு புளிச்ச தண்ணி. காசு போனது கூட பரவால்ல, பன்னெண்டு வருஷமா காத்திருந்த பாட்டில்! 12 டிகிரி இருந்தா போதும். குச்சி மாதிரி ஒல்லி கிளாஸும் வேண்டாம், சாதா ஒயின் கிளாஸ்ல ஊத்துங்க. ம்ம்... காலையில பேக்கரி வாசல்ல போற வாசனை. ஒயினைப் புளிக்க வைக்கற ஈஸ்ட் செத்து அடியில படிஞ்சு கிடந்ததுல வந்தது அது. பின்னாடியே தேன், வறுத்த பாதாம் மாதிரி பருப்பு.

சாப்பாட்டுக்கு வருவோம். ஓவன்ல சுட்ட கோழி, வெண்ணெய்ல வதக்கின காளான். இந்த மொறுமொறு தோலை ஒரு கடி, உடனே ஒரு வாய்... அந்தப் புளிப்பு கொழுப்பை அப்படியே வழிச்சுக்கிட்டுப் போகுது. காளான் இன்னும் மேல. பழைய ஷாம்பெயின்லயே மழை பெஞ்ச காட்டு மண் வாசம் இருக்கு, ரெண்டும் சொந்தக்காரங்க மாதிரி ஒட்டிக்குது. ரெண்டு வருஷம் பழுத்த கொந்தே சீஸ், அது உப்பும் பருப்பு ருசியுமா இருக்கு, ஓகே.

இந்த ஊர் பிங்க் பிஸ்கட்டை ஷாம்பெயின்ல முக்கிச் சாப்பிடறது வழக்கம். முக்கறேன்... ஐயோ. பிஸ்கட்டோட இனிப்புல ஷாம்பெயின் எலுமிச்சை மாதிரி ஆகிடுச்சு. அது இனிப்பு ஷாம்பெயினுக்குத்தான் சரி.

கிளாஸ் கொஞ்சம் சூடேறினதுல தேன் வாசம் இன்னும் ஏறியிருக்கு. தோல் இன்னும் ஒரு துண்டு இருக்கு, கேமராவை அணைக்கறேன்.