கூடை நிறைந்த அன்றிரவு

வணக்கம், நேயர்களே.

மே மாதம் பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மொரீஷியசில் பெத்ரேனிலிருந்து பிளேன் ஷாம்பாஞ் போகும் சாலையோரம் கார்கள் வரிசைகட்டி நிற்கும். கார்களில் வந்தவர்கள் குளிரிலும் தூறலிலும் புதருக்குள் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பழத்துக்கு நம் கிரியோல் மொழியில் கோயாவ் தெ சின் என்று பெயர். தமிழில் சீனக் கொய்யா. பெயரில்தான் சீனம், பூர்விகம் பிரேசில். கோலிக்குண்டு அளவு, சிவப்புத் தோல், புளிப்பும் இனிப்பும், வாய் நிறைய விதை. தாவரவியல் கணக்கில் இதுவும் பெர்ரிதான். கடையில் விலை உயர்ந்த ஸ்ட்ராபெரிப் பெட்டியைப் பார்த்து நாம் ஏங்க வேண்டியதில்லை.

பறிப்பதற்கு நான் பாடம் எடுக்க வேண்டாம், மொரீஷியசில் பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரியும். கிளையை வளைக்கும் முன் மூஷ் ஜோன் கூடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த மஞ்சள் குளவி மன்னிக்காது. இன்னொன்று, விதையைக் காட்டில் துப்பாதீர்கள். விருந்தாளியாக வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட செடி இது. அடர்ந்து மண்டி, நம் தீவுக்கே உரிய மரங்களின் கன்றுகளைத் தலைதூக்க விடுவதில்லை. குரங்கும் காட்டுப்பன்றியும் விதைப்பது போதாதா?

நான் பேச வந்தது அன்றிரவைப் பற்றி. பறிப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும். அதை ஒழுங்காக உறையவைக்க ஒரு மாலை முழுவதும் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பத்து கிலோ பறித்து வந்து, அலுப்பில் பையோடு சமையலறை மூலையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் அடியில் கிடந்தவை நசுங்கிப் புளித்திருந்தன. மீதியை அப்படியே ஃப்ரீசரில் திணித்தேன். ஒரே பாறையாகிவிட்டது. என் கணவர் சுத்தியலோடு வந்தார்.

இப்போது மூன்று கிலோவுக்கு மேல் தொடுவதில்லை. பழத்தைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக அரிந்துவிடுவேன். பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிடும். வெளியே பளபளக்கும் பழத்தின் உள்ளே புழு நெளியும். அரிந்தால்தான் தெரியும். பிறகு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காக வைத்து, மைனஸ் 18 டிகிரியில் கல்லாகும்வரை விட்டு, அதன்பின் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடுங்கள். குவியலாக வைத்தால் மெதுவாக உறையும். அப்போது பழத்தின் நீர் பெரிய பனிப்படிகங்களாகிச் சதையைக் கிழிக்கும். தட்டில் பரப்பினாலும் உருகும்போது கொஞ்சம் குழையத்தான் செய்யும். வீட்டு ஃப்ரீசரால் அவ்வளவுதான் முடியும்.

அதனால் முழுவதும் உருகக் காத்திருக்காதீர்கள். பாதி உறைந்த துண்டுகள்மேல் சிட்டிகை உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால், பள்ளியிலிருந்து வரும் பிள்ளை சிப்ஸ் பொட்டலத்தைக் கேட்காது. வைட்டமின் சியும் நார்ச்சத்தும் கூடவே போய்ச்சேரும். என் பேத்திக்குக் கிளாசோன் ராப்பே, அதாவது பாகு ஊற்றிய துருவிய பனிக்கட்டி, என்றால் உயிர். கடைக்காரர் ஊற்றும் சிவப்புச் சர்க்கரைப் பாகுக்குப் பதில், சல்லடையில் விதை நீக்கி வடித்த கொய்யாக் கூழை அரைத்த பனிக்கட்டிமேல் ஊற்றிக் கொடுக்கிறேன். நிறம் கொஞ்சம் மங்கல் என்பது அவள் புகார். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கூழ் மட்டும் கொடுங்கள். உறைந்த துண்டு தொண்டையில் அடைத்துவிடும்.

ஜூனில் உறையவைத்தது ஜனவரியிலும் நன்றாக இருக்கும். ஆனால் ஜனவரி புயல் காலம். மின்சாரம் நின்றால் ஃப்ரீசர் கதவில் கை வைக்காதீர்கள். நிறைந்திருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதானால், கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, மேலே சர் சிவசாகர் ராம்கூலம் முகம் பொறித்த ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பும்போது அது அடியில் கிடந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள்.

2024 ஜனவரியில் பெலால் புயலின்போது மகள் வீட்டில் தங்கிவிட்டு மூன்றாம் நாள் திரும்பினோம். எங்கள் நாணயம் பாதி வழியில் நின்றிருந்தது. கொய்யாவை அன்றே அடுப்பிலேற்றி ஜாம் கிளறிவிட்டேன். மீனைத் தூக்கிப் போட்டேன்.