ஆபீஸ் நாய்க்குட்டி ஆறுதலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். 'நாய்க்குட்டியைத் தத்தெடுத்து அலுவலகத்தில் வளர்ப்பது ஆறுதலா, தொல்லையா?' என்ற தலைப்பில் ஆறுதலே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி நாய் கடிக்கும் என்றார், குரைக்கும் என்றார், ஃபைல் மேல் சிறுநீர் கழிக்கும் என்றார். நடக்கிற விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த நாயை வளர்த்தது யார்? ஒருவர் ஆசைக்குத் தூக்கிவந்தார், நாலு நாள் எல்லோரும் கொஞ்சினார்கள், அப்புறம் வாட்ச்மேன் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் அடுக்கிய குறை அத்தனையும் வளர்ப்பின் குறை. அதை நாய்மேல் எழுதாதீர்கள்.

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே மணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. வருமான வரிக் கணக்குக்குக் கடைசித் தேதி நெருங்கும் நாட்களில், போனில் கத்துகிற வாடிக்கையாளர்களுக்குக் குறைவே இருக்காது. அப்படி ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனை வைத்தாள், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். கை நடுங்கியது. மணி எழுந்து போய் அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவள் குனிந்து அதன் காதுமடலைத் தடவிக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் அடுத்த ஃபைலைப் பிரித்தாள். நாங்கள் யாராவது போய் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டிருந்தால் அவள் பதில் சொல்ல வேண்டும், அழுகை வந்துவிடும். மணிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இது என் அலுவலகக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பத்து நிமிடம் நாயையும் பூனையையும் கையால் தடவிக் கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கும், படம் மட்டும் பார்த்தவர்களுக்கும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தொடுதலில்தான் இருக்கிறது விஷயம்.

நடுவர் அவர்களே, உங்களுக்கு ஒரு தீர்ப்பையே சாட்சியாகத் தருகிறேன். அதே வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் எல்லி என்ற நாய் வேலை பார்த்தது. பயந்துபோன சாட்சிகளின் பக்கத்தில் அமைதியாகப் படுத்திருப்பதுதான் அதன் வேலை. அப்படி ஒருவர் சாட்சி சொன்னது செல்லுமா என்று வழக்கு மேலே போனது. செல்லும் என்று 2013இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

"அது பயிற்சி பெற்ற உயர்ஜாதி நாய், தெருக்குட்டிக்கு அதெல்லாம் வருமா?" என்று எதிரணியில் கேட்பார்கள். மும்பையில் டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸை 2018இல் புதுப்பித்துத் திறந்தபோது, தெருநாய்களுக்கென்றே உள்ளே ஓர் அறை கட்டியிருந்தார்கள். எந்தக் குட்டியானாலும், எப்படி வளர்க்கிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை ஒரு குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதையெல்லாம் பிறகு பார்த்துப் பெரும்பாலும் மிரளாது. ஆனால் அந்த நேரத்தில்தான் தடுப்பூசிகளும் முடிந்திருக்காது. தெருவில் இறக்கிவிட்டால் குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற வைரஸ் நோய் வந்துவிடலாம். அதனால் மணியைத் தத்தெடுத்த அக்கா அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தார். பிரிண்டர் ஓடுகிற சத்தம், லிஃப்ட் கதவு, ஹெல்மெட்டோடு உள்ளே வருகிற கூரியர் தம்பி, மழைக்கோட்டு, எல்லாவற்றையும் அவர் தோளில் சாய்ந்தபடியே அது பார்த்துவிட்டது. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார். ஆண்டுதோறும் தவறாமல் போடுகிறார். பூஜைப் பொங்கலில் இருக்கும் உலர்திராட்சையும் பிறந்தநாள் சாக்லேட்டும் நாய்க்கு விஷம் என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொன்னார்.

நாய்க்கு அது சிறை என்றார்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு. குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். ஆள் மாற்றி ஆள் கொஞ்சினால் அது என்ன செய்யும்? எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோரம் ஒரு சாக்கு விரித்திருக்கிறது. மணி அதில் படுத்துவிட்டால், முதலாளியே ஆனாலும் தொடக் கூடாது. அது விரும்பி எழுந்து வந்தால்தான் ஆறுதல். வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

பயப்படுகிறவர்கள் என்ன செய்வது? குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே அவர்களைக் கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சின்ன வயதில் நாய்க்கடி வாங்கிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் உட்காரும் அறைக்குள் மணி போகாது, கதவும் சாத்தியிருக்கும். அவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் மணி அலுவலகத்துக்கே வந்திருக்காது, அக்கா வீட்டு நாயாகவே வளர்ந்திருக்கும்.

கடைசியாக எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "ஆபீஸை மூடினால், இடம் மாற்றினால், அந்த நாய் எங்கே போகும்?" நியாயமான கேள்வி. மணியைத் தத்தெடுத்த படிவத்தில் கம்பெனி பெயர் இல்லை, அந்த அக்காவின் பெயர்தான் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் அது அவரோடு வீட்டுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் படுத்திருக்கும். அப்படிப் பெயர் கொடுத்துப் பொறுப்பேற்க ஓர் ஆள் இல்லாத அலுவலகத்துக்கு நாய்க்குட்டி வேண்டாம், அதை நானே சொல்வேன். ஆள் இருக்கிற அலுவலகத்தில் அது ஆறுதலே என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.