சில்லறை இல்லாத ஊரில் அடித்த காசுகள்

வணக்கம், நேயர்களே. கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கி.பி. 43இல் ரோமப் பேரரசர் கிளாடியஸின் படை பிரிட்டனில் இறங்கியபோது அங்கேயும் இதே தொல்லைதான். தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுக்கு 16 ஆஸ் என்பது கணக்கு. ஆஸ் செப்புக்காசு; சிப்பாய் கடைத்தெருவுக்குப் போனால் அதுதான் வேண்டும். ரோமிலிருந்து வந்தது போதவில்லை. கிளாடியஸின் கடைசி ஆண்டுகளில் ரோமில் காசு அடிக்கும் அக்கசாலை செப்புக்காசு அடிப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. நீரோ காலத்தில், 64ஆம் ஆண்டு வாக்கில்தான் மறுபடியும் பெருமளவில் அடித்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனிலும் இன்றைய பிரான்சிலும் ஸ்பெயினிலும் கிளாடியஸின் காசைப் பார்த்து அவரவர் போலிகளை அடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன. சிலவற்றைப் படையே அடித்திருக்கலாம் என்பார்கள். இவற்றைக் கள்ளக்காசு என்று யாராவது ஒதுக்கினால் எனக்குக் கோபம் வரும்.

அடையாளம் காண்பது எப்படி? எடையைப் பாருங்கள். அசல் ஆஸ் ஏறக்குறைய 11 கிராம். போலி பெரும்பாலும் இளைத்திருக்கும். ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள், தேய்ந்த அசலும் இளைத்துத்தான் போகும்.

எனக்குப் பிடித்தது பின்பக்கத்து மினர்வா தேவி. அசலில் அவள் ஈட்டியை ஓங்கிக்கொண்டு நமக்கு வலப்புறமாக நடக்கிறாள். போலிகள் சிலவற்றில் இடப்புறமாகப் போகிறாள்! ஏன்? கையிலிருந்த காசைப் பார்த்தபடியே அச்சில் வெட்டிவிட்டான் கொல்லன். அச்சில் வலமாக வெட்டினால் காசில் இடமாகத்தானே விழும். எழுத்தும் அப்படித்தான்: லத்தீன் தெரியாத கை, பேரரசரின் பெயரை வெறும் கோடுகளாக்கிவிடும். கிளாடியஸின் கழுத்து நீளும், கண் வீங்கும். எனக்கென்னவோ, அந்தக் கோணல் முகங்களில்தான் உயிர் அதிகம். மறுபடியும் சொல்கிறேன், எடை பிறகு. முதலில் முகம், எழுத்து, மினர்வா போகும் திசை. தேர்ந்த கை வெட்டிய போலியோ நிபுணரையே திணறடிக்கும்.

காசின் மேல் பிறகு குத்திய முத்திரைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். நான்கு ஆஸ் மதிப்புள்ள செஸ்டர்ஷியஸ் காசுகளில் இளைத்த சிலவற்றில், இரண்டு ஆஸ் காசான 'டுபோண்டியஸ்' என்பதன் முதல் எழுத்துகளைக் குத்தியிருக்கிறார்கள். அதாவது, காசு செல்லும், ஆனால் பாதி மதிப்புக்கு. நன்றி, வணக்கம்.