தண்ணீருக்குக் காலாவதி தேதி உண்டா? அவசரக் காலக் குடிநீர்: சேமிப்பதும் சுத்தம் செய்வதும்

[திரையில்: தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் அச்சிட்ட தேதி, மெதுவாகப் பெரிதாகிறது]

பூமியில் சுற்றிக்கொண்டிருக்கும் நீருக்கு வயது பல நூறு கோடி ஆண்டுகள். அதைப் பிடித்து ஒரு பாட்டிலில் அடைத்ததும் காலாவதித் தேதி போட்டுவிடுகிறோம். உண்மையில் தண்ணீர் கெட்டுப்போகுமா?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாட்டில் தண்ணீருக்கு ஆயுள் வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆலையில் முத்திரையிட்ட பாட்டிலைத் திறக்காமல், வெயில் படாமல் வைத்தால் போதும். ஆனால் அதே குடிநீரை நாமே வீட்டில் பிடித்து வைத்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடச் சொல்கிறார்கள். இரண்டுமே தண்ணீர்தானே என்று கேட்காதீர்கள். பாத்திரத்தை எப்படிக் கழுவினோம், மூடி எவ்வளவு இறுக்கம், உள்ளே எத்தனை முறை கை போனது: தண்ணீரைக் கெடுப்பவை இவைதாம். இந்த வீடியோ முழுக்க இதை வைத்துத்தான் ஓடப்போகிறது.

[திரையில்: 4 லிட்டர் × 4 பேர் × 14 நாள்]

முதலில் கணக்கு, விரைவாக முடித்துவிடுகிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர். பாதி குடிக்க, மீதி சமையலுக்கும் கைகால் முகம் கழுவவும். குறைந்தது மூன்று நாளுக்கு வேண்டும். இடமிருந்தால் இரண்டு வாரத்துக்கு. கடும் வெயில், காய்ச்சல், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வளர்ப்புப் பிராணிகள் என்றால் இன்னும் கூடும். நான்கு பேருக்கு இரண்டு வாரம் என்றால் 224 லிட்டர், அதாவது 224 கிலோ. அலமாரியின் மேல்தட்டில் அடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். தண்ணீருக்கு முன்னால் அலமாரி கீழே வந்துவிடும்.

பாத்திரம். உணவுப் பொருளுக்கென்று செய்த பிளாஸ்டிக் கேன், குறுகிய வாய், இறுக்கமான மூடி, அடியில் ஒரு குழாய். என்னைக் கேட்டால் இந்தக் குழாய்தான் மொத்தச் சேமிப்பிலும் மிக முக்கியமான பொருள். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் குவளையை விட்டு மொள்ளும்போது, குவளையோடு விரல்களும் குளித்துவிட்டு வருகின்றன. ஊற்றில் சுத்தமாக இருந்த நீர் வீட்டுக்குள் வந்தபின் மாசுபடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பால், பழச்சாறு வந்த கேன்கள் வேண்டாம்; எவ்வளவு தேய்த்தாலும் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மிச்சம் கிருமிக்கு விருந்தாகும். பூச்சிமருந்து, எண்ணெய், ரசாயனம் வந்தவற்றைத் தொடவே வேண்டாம்.

சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் திரவத்தைக் கலந்து, உள்பக்கம் முழுக்கப் படும்படி குலுக்குங்கள். அரை நிமிடம் கழித்துக் கொட்டிவிட்டுக் காயவிடுங்கள். நல்ல நீரை நிரப்பி, தேதி எழுதி, நிழலில் வையுங்கள். பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக் வழியாக உள்ளே போகும்.

[திரையில்: கலங்கிய நீர் நிறைந்த கண்ணாடிக் குவளை]

சேமித்தது தீர்ந்துவிட்டது, கிடைப்பது கலங்கல் நீர்தான் என்றால்? முதலில் அசையாமல் வைத்துத் தெளியவிடுங்கள். மேல் நீரை மட்டும் மெல்ல இறுத்து, மடித்த துணியில் வடிகட்டுங்கள். துணியா என்று சிரிக்காதீர்கள். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பழைய புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்ட வைத்தார்கள். காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2003இல் முடிவு வெளியானது. காலராக் கிருமி துணியின் துளையைவிடச் சிறியதுதான். ஆனால் அது நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிறது. வண்டியை நிறுத்தினால் பயணியும் நின்றுவிடுகிறார். பலமுறை துவைத்த துணியின் இழைகள் பிரிந்து துளைகளை அடைப்பதால், பழைய புடவைதான் புதியதைவிட மேல். இதைப் படித்த அன்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வடிகட்டுவது முதல் படி மட்டுமே. தெளிந்த நீரையும் கொதிக்க வைத்தாக வேண்டும்.

[திரையில்: அடுப்பு, பாத்திரம், வெப்பமானி]

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. கிருமி சாக 100 டிகிரி தேவையா? தேவையில்லை. பாலை 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கித்தான் பதப்படுத்துகிறார்கள். நீரில் நோய் பரப்பும் கிருமிகளும் 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் விரைவாக மடிகின்றன. பிறகு ஏன் கொதிக்க வைக்கச் சொல்கிறார்கள்? அடுப்பின் முன்னால் நிற்பவர் கையில் வெப்பமானி இருப்பதில்லை. 70 டிகிரி நீரும் 55 டிகிரி நீரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பெரிய குமிழிகள் எழுந்து தளதளவென்று கொதிப்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும் அடையாளம். அதைப் பார்க்கும்போது தேவையான சூட்டைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம். கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் எரிபொருளும் தண்ணீரும்தான் வீண்.

மலைமேல் என்ன ஆகும்? உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 2,000 மீட்டரில் ஏறத்தாழ 93 டிகிரி. அதனால்தான் அதற்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறார்கள். எவரெஸ்ட் உச்சியில், 8,849 மீட்டரில், கொதிநிலை 70 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. அங்கே பருப்பு வேகாது, தேநீர் சப்பென்று இருக்கும். கிருமிக்கோ அங்கேயும் தப்பிக்க வழியில்லை!

இந்த 70 டிகிரியை நம்பி ஒரு சின்னக் கருவியும் செய்திருக்கிறார்கள். கனமான பிளாஸ்டிக் குழலுக்குள் ஏறத்தாழ 70 டிகிரியில் உருகும் மெழுகு. மெழுகு மேல்பக்கம் இருக்கும்படி நீருக்குள் விடுங்கள். சூடு எட்டியதும் மெழுகு உருகிக் குழலின் அடிக்கு இறங்கிவிடும். நீங்கள் அருகில் இல்லாமல் போய், நீர் ஆறிய பிறகு வந்து பார்த்தாலும், மெழுகு கீழே இருந்தால் வேலை முடிந்தது. மின்கலம் இல்லை, எண் காட்டும் திரை இல்லை. இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு விருப்பக்குறி போடலாம். அப்படியே இந்த வீடியோவுக்கும் ஒன்று.

கொதித்த நீர் சுவையற்றிருப்பது கரைந்திருந்த காற்று வெளியேறிவிட்டதால். இரண்டு சுத்தமான பாத்திரங்களுக்கு இடையே நன்றாக ஆற்றினால் சுவை திரும்பும்.

அடுப்பே இல்லையா? நிறமற்ற, 2 லிட்டருக்கு மிகாத பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்துங்கள். மேகமூட்டமென்றால் இரண்டு நாள். பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி மேலிருந்து பாருங்கள். எழுத்துத் தெரிந்தால்தான் இந்த முறை பலிக்கும்.

[திரையில்: சொட்டுக்குழல்]

குளோரின். லேபிளில் 5 முதல் 9 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்றிருக்கும், வாசனை சேர்க்காத பிளீச் திரவம்: தெளிந்த நீர் ஒரு லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி, 30 நிமிடம் காத்திருங்கள். மெல்லிய குளோரின் வாடை வரவேண்டும். வராவிட்டால் அதே அளவை இன்னொரு முறை விட்டு 15 நிமிடம். நீர் கலங்கலாக இருந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். பந்தியில் முதல் வரிசைக்காரர்களே அண்டாவைக் காலி செய்துவிட்டால் கடைசி வரிசைக்கு என்ன கிடைக்கும்? மண்ணும் மக்கிய இலையும் குளோரினை அப்படித் தின்றுவிடுகின்றன. கிருமிக்கு மிச்சமிருக்காது.

சொட்டுக் கணக்கு திரவத்துக்கு மட்டும். பிளீச்சிங் பவுடருக்குப் பொருந்தாது. பழைய திரவம் வீரியம் இழந்திருக்கும். கழிப்பறை அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

குளோரினுக்கும் அசையாத கிருமி உண்டு: கிரிப்டோஸ்போரிடியம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் புகுந்து ஏறத்தாழ 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. கொதிநீரில் அது மடியும். எரிபொருள் இருக்கும்வரை என் வாக்கு அடுப்புக்கே. ஆனால் எண்ணெயோ பூச்சிமருந்தோ கலந்த நீரை அடுப்பும் காப்பாற்றாது. வேறு நீரைத் தேடுங்கள்.

இருப்பு குறைகிறதே என்று தாகத்தை அடக்கி அளந்து குடிக்காதீர்கள். இன்று தேவையானதைக் குடித்துவிட்டு, நாளைக்குத் தேடுங்கள். உறைபெட்டியின் பனிக்கட்டி ஒரு வழி. வீட்டில் தொட்டியுள்ள வெந்நீர்க் கருவி இருந்தால் அதில் பல லிட்டர் நீர் சும்மா நிற்கிறது. மின்சாரத்தையோ எரிவாயுவையோ முதலில் நிறுத்துங்கள், ஆறவிடுங்கள், வெளியிலிருந்து நீர் வரும் வழியை அடையுங்கள். பிறகு அடியிலுள்ள வடிகுழாயையும் வீட்டில் ஒரு வெந்நீர்க் குழாயையும் திறந்தால் நீர் இறங்கும். உங்கள் கருவியில் அந்த வடிகுழாய் எங்கே ஒளிந்திருக்கிறது? இன்றே பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.