பட்டனைக் கட்டிய சைக்கிள் டியூப்

(ஓசூரில் பாதுகாப்பு வாரக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, தொழிலகப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, சிப்காட் ஆலை மேலாளர்களே, சங்கத் தோழர்களே, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்திருக்கும் கிரானைட் பட்டறைச் சகோதரர்களே, நைட் ஷிப்டு முடித்துக் கடைசி வரிசையில் தூங்கி வழியும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி, என் வீட்டம்மாவுக்கே புதுச் செய்தி. சால்வை போர்த்திய மாங்கூழ் ஆலை உரிமையாளருக்கு நன்றி. மார்ச் வெயிலில் சால்வை கொஞ்சம் கனக்கிறது, அவ்வளவுதான்.

தேசியப் பாதுகாப்புக் குழு, அதாவது நேஷனல் சேஃப்டி கவுன்சில், 1966 மார்ச் 4ஆம் தேதி தொடங்கியது. அதை வைத்துத்தான் வருடா வருடம் பேட்ஜ் குத்தி உறுதிமொழி எடுக்கிறோம். இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு, சூப்பர்வைசர்களுக்கு நடத்தை அறிவியல் பயிற்சி, அதாவது ஆள் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்று புரிந்துகொள்ளும் பயிற்சி. மூன்று விஷயம் பேசப் போகிறேன்: பாராட்டு, தூக்கம், சம்பளம்.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டியது இதுதான்: ஒரு காரியம் செய்ததும் என்ன கிடைக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்தக் காரியம் மறுபடி நடக்கும். இது புரிய எனக்குப் புறா தேவைப்படவில்லை. ஒரு சைக்கிள் டியூப் போதுமாயிருந்தது.

நான் தகட்டை அமுக்கி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் ஃபோர்மேன். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் ராம் என்கிற கனத்த அழுத்துகட்டை இறங்கும். கை கீழே இருக்கும் டைக்குள், அதாவது அச்சுக்குள், மாட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பாகலூரிலிருந்து சைக்கிளில் வரும் பையன் ஒருவன், பழைய டியூபை அறுத்து இடது பட்டன் மேல் இறுக்கிக் கட்டியிருந்தான். பஞ்சர் ஒட்டிய இடம்கூடத் தெரிந்தது. வலது கையால் அமுக்குவான், இடது கையால் பீஸை எடுப்பான். நான் பார்த்தேனா? பார்த்தேன். தினமும் அந்த வழியாகத்தான் நடப்பேன். என்ன செய்தேன் தெரியுமா? அவன் டார்கெட்டைத் தாண்டிய அன்று கேண்டீனில் எல்லார் முன்னாலும் தோளில் தட்டி, டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் பக்கத்து மெஷினிலும் டியூப்! (சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன்.)

மூன்றாவது வாரம், ஆள் வரவில்லை என்று அவனையே டபுள் ஷிப்டு போட வைத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு விரல் போயிற்று. விசாரணை அறிக்கையில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அன்று நான் அம்பைத்தான் நொந்தேன்.

1931இல் ஹெய்ன்ரிச் என்ற இன்சூரன்ஸ்காரர், நூற்றுக்கு 88 விபத்து தொழிலாளியின் செயலால்தான் என்று எழுதினார். பல ஆலைகளின் பயிற்சி வகுப்பில் இன்றும் அந்தக் கணக்கு ஓடுகிறது. அவர் புரட்டிய கோப்புகள் எவை? இன்சூரன்ஸ் கோப்புகளும் ஆலை முதலாளிகளின் பதிவேடுகளும். அதாவது என்னைப் போன்ற ஃபோர்மேன்கள் எழுதியவை! எய்தவன் எழுதிய அறிக்கையில் குற்றவாளி யார் என்று வரும்?

அதனால் பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்றால், டியூபைப் பார்த்ததும் கத்தாமல், "எதுக்குப்பா கட்டின?" என்று கேட்பதில். "டார்கெட் எட்டலண்ணே" என்று பதில் வந்தால் டார்கெட்டைத் திருத்த வேண்டும். ஆபத்து என்று மெஷினை நிறுத்தியவனுக்கு அன்றே, எல்லார் முன்னாலும் அந்த டீயும் வடையும் போக வேண்டும்.

ஆனால் பதினாறு மணி நேரம் நின்றவனிடம் எந்த அறிவியல் எடுபடும்? மேலாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரம் 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி என்றுதான் எழுதியது. நம் ஊரில் காண்ட்ராக்ட் பையனுக்கு டபுள் ஷிப்டு என்பது தீபாவளி போனஸ் மாதிரி ஆகிவிட்டது, அவனே கேட்டு வாங்குகிறான். ஏன் கேட்கிறான்? அதுதான் என் மூன்றாவது விஷயம், சம்பளம். மணி அடித்துவிட்டார்கள், தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அது அடுத்த கூட்டத்துக்கு.

அதிகாரி அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆய்வுக்கு வரும்போது ஹெல்மெட்டை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே காண்ட்ராக்டரின் வருகைப் பதிவேட்டையும் ஒரு தரம் புரட்டுங்கள். தொடர் டபுள் ஷிப்டை நிறுத்தக் கோரும் மனு வாசலில் பெஞ்சு மேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். பேனாவை நூலால் கட்டியிருக்கிறோம், அந்தக் கட்டை மட்டும் யாரும் அவிழ்க்காதீர்கள்.